மண் கடிக்காத மட்டி: திஸ்ரியா வாங்கி வந்தவருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மும்பை செம்பூருக்குக் குடிவந்து ஆறு மாதம். மீன் மார்க்கெட்டில் மட்டியை, அதுதான் இங்கே திஸ்ரியா என்கிற இரட்டை ஓட்டுக் கடலுயிரை, பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்து இரண்டு வாட்டா, அதாவது இரண்டு குவியல், வாங்கினீர்கள், குழாய்த் தண்ணீரில் நாலு தடவை அலசினீர்கள், மீன் குழம்பு மாதிரியே புளி ஊற்றி இருபது நிமிடம் கொதிக்க விட்டீர்கள். வாயில் வைத்தால் நறநறவென்று மண், சதையோ சைக்கிள் ட்யூப். வருகிற ஞாயிறு மச்சான் வீட்டிலிருந்து நாலு பேர் சாப்பிட வருகிறார்கள், இன்னொரு முறை துணியலாமா, துணிந்தால் எப்படிச் செய்து எப்படிப் பரிமாறுவது என்பது கேள்வி.

துணியலாம். உங்கள் குழம்பு மசாலாவை மாற்ற வேண்டியதே இல்லை. மட்டி கெட்டுப்போவது இரண்டே இடத்தில்: அடுப்புக்கு வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில், அப்புறம் அடுப்பில் அது கூடுதலாகக் கிடக்கும் பத்து நிமிடத்தில். நடுவில் நீங்கள் என்ன தாளித்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் சமையல் குறிப்பு தேடும்போது இதில்தான் பலர் வழி தவறுகிறார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் மட்டி. சென்னையில் கிளிஞ்சல் என்று சொன்னால்தான் சிலருக்குப் புரியும். கன்னியாகுமரிக்காரரிடம் சிப்பி என்று கேட்டால் அவர் மனதில் வருவது பாறையில் ஒட்டி வளரும் நீள ஓட்டு வகை, மலையாளத்தில் கல்லுமக்காய் என்பார்களே, அது. அதற்கு நார் பிடுங்க வேண்டும், மட்டிக்கு அந்த வேலை கிடையாது. இங்கே மும்பையில் மீன் விற்கிற கோலிச் சமூகப் பெண்களிடம் திஸ்ரியா, ஷிம்ப்ளியா. மங்களூர்க்காரர் கடைப் பக்கம் போனால் மருவாய். ஒரே பொருளுக்கு இத்தனை பெயர் இருப்பதே மேற்குக் கரை முழுக்க இதை எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்பதைக் காட்டுகிறது. நம்ம ஊரில்தான் பாதிப் பேர் இதைச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகிற ஓடு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு வருவோம். கிலோக் கணக்கில்லாமல் குவியல் போட்டுத்தான் விற்பார்கள், அதுதான் வாட்டா. காலையில் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கடல் அதிகமாக வற்றும், அப்போது சேற்றுத் திட்டுகள் நிறைய வெளியே தெரியும். மட்டி வலை போட்டுப் பிடிக்கிற சரக்கு கிடையாது, வத்தத்தில் இறங்கிக் கையால் பொறுக்குவது, ஆகவே அந்த நாள்களில் தேடுவது சுலபம். மீன்காரப் பெண்ணை மாவ்ஷி (மராட்டியில் சித்தி, பெரியம்மா) என்று கூப்பிட்டுப் பேசிப் பழகிக்கொள்ளுங்கள், இன்று வந்ததா நேற்றையதா என்று கேட்டால் பழகிய முகத்துக்கு உண்மை வரும். கேட்பதோடு நிற்காமல் கையிலும் எடுத்துப் பாருங்கள். வாய் மூடி இருக்க வேண்டும், இல்லை லேசாகத் திறந்திருந்தால் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் உயிர் இருக்கிறது. ஆவென்று வாய் பிளந்து கிடப்பது, ஓடு உடைந்தது, மூக்கருகே கொண்டுபோனால் கடல் வாசம் போய் வேறு வாடை அடிப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். பிளந்து தரட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே இருக்கும் நீர்தான் இதில் பாதி ருசி, அது மார்க்கெட் தரையில் போய்விடும்.

நாலு விருந்தாளி, உங்கள் வீட்டில் இரண்டு பேர், ஆக ஆறு பேருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வாங்குங்கள். அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஓட்டை எடுத்துவிட்டால் கிலோவுக்கு ஒரு கைப்பிடி, மிஞ்சினால் ஒன்றரைக் கைப்பிடி சதைதான் தேறும். முதல் தடவை வாங்குகிற எல்லோரும் ஏமாறுவது இங்கேதான், நானும் ஒரு வாட்டாவை வைத்துக்கொண்டு ஐந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டவள்தான்.

எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். மட்டி மண்ணில் புதைந்தபடி தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் இருப்பதைத் தின்று, மிச்சத்தை வெளியே விடுகிற உயிர். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் அந்தக் கிருமியும் அதன் உடம்பில்தான் சேரும். மாஹிம் கழிமுகத்தைத் தாண்டி ஒரு தடவை டாக்ஸியில் ஜன்னல் திறந்து போயிருந்தால் நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். ஊரை விட்டுத் தள்ளி, ரத்னகிரிப் பக்கமிருந்தோ அலிபாக் பக்கமிருந்தோ வந்தது என்றால் வாங்குவேன். பக்கத்து ஓடையில் பொறுக்கியது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மழைக்காலத்திலும் நான் தொடுவதில்லை. ஜூன், ஜூலையில் விசைப்படகுக்குத் தடை இருப்பதால் மீன் குறைந்து மட்டி கண்ணில் அதிகமாகப் படும், ஆசையாகவும் இருக்கும், ஆனால் ஊர்ச் சாக்கடை முழுக்க மழைத் தண்ணீரோடு கழிமுகத்துக்குப் போகிற நேரமும் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. கடலில் சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும்போது மட்டிக்குள் ஒரு நஞ்சு சேரும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. 1981இல் தமிழ்நாட்டில் கழிமுக மட்டி சாப்பிட்டு மூன்று பேர் இறந்தது இப்படித்தான். அடிக்கடி நடக்கிற விஷயம் கிடையாது. ஆனால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போனால் இஞ்சிச் சாறு, மோர் என்று வீட்டு வைத்தியத்தில் உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சரி, வீட்டுக்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும், உடனே அவிழ்த்து ஒரு அகலப் பாத்திரத்தில் கொட்டுங்கள். உடனே சமைக்கப் போவதில்லை என்றால் மேலே ஈரத்துணியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டாம். மறுநாளைக்குள் சமைத்துவிடுவது நல்லது. சனிக்கிழமை காலை வாங்கி ஞாயிறு மதியத்துக்கு வைத்திருப்பது எட்டிப்பிடிக்கிற எல்லை, நான் என்றால் ஞாயிறு விடியற்காலையிலேயே போய் வாங்குவேன்.

இப்போது மண். நீங்கள் நாலு தடவை அலசியது ஓட்டின் வெளியே இருந்த சேற்றுக்குத்தான் சரி. உள்ளே இருக்கும் மண்ணை நீங்கள் எடுக்க முடியாது, மட்டிதான் துப்ப வேண்டும். அது துப்ப வேண்டுமானால் தன் ஊரில் இருப்பதாக அது நம்ப வேண்டும். நல்ல தண்ணீரில் போட்டால் வாயை இறுக்கிக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் செத்தும் போகும். ஆகவே உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 30 கிராம் உப்பு, அதாவது தூள் உப்பென்றால் தலைதட்டி இரண்டு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைய. கல்லுப்பாக இருந்தால் எடை போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள், வாயில் விட்டுப் பார்த்தால் கடல் தண்ணீர் மாதிரி கரிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் முந்தின இரவே பிடித்துத் திறந்து வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு சின்ன உபாயம் இருக்கிறது, இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, இட்லிப் பானையைக் கழுவும்போது தானாகத் தோன்றியது. அகலமான பாத்திரத்தின் அடியில் துளை போட்ட ஆவித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் மட்டியை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அது துப்புகிற மண் துளை வழியாகக் கீழே இறங்கிவிடும். தட்டு இல்லாமல் தரையோடு போட்டால் துப்பிய மண்ணையே பக்கத்தில் கிடப்பது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர் மட்டிக்கு மேல் லேசாக மூடினால் போதும், ஆழமாக ஊற்றினால் மூச்சுக்குத் திணறும். வெளிச்சம் படாமல் ஒரு தட்டால் அரைகுறையாக மூடி, சமையலறையில் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அரை மணி கழித்து எட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டு குட்டிக் குழாயை வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருக்கும். என் மகள் சின்னவளாக இருந்தபோது இதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிட மாட்டேன் என்று அழுதாள், ஆக வீட்டில் குழந்தை இருந்தால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீரை மாற்றி இன்னொரு மணி நேரம். எடுக்கும்போது கையால் அள்ளி எடுங்கள். வடிகட்டியில் பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் சேர்ந்த மண் எல்லாம் மேலேயே கொட்டும், இரண்டு மணி நேர உழைப்பு போச்சு. அரிசி மாவைத் தூவினால் தின்றுவிட்டு மண்ணைக் கக்கும் என்று சிலர் சொல்வார்கள், நான் இரண்டு விதமாகவும் செய்து பார்த்ததில் தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். இப்படி ஊறப்போடுவது மண்ணுக்கு மட்டும்தான், கிருமி இதில் போகாது. அதற்கு நெருப்புதான்.

அடுத்து, சேற்று மட்டி. இதைப் பற்றி ஏன் யாருமே எழுதுவதில்லை என்று தெரியவில்லை. எப்போதோ செத்துப்போன மட்டியின் ஓடு, உள்ளே கருஞ்சேறு நிரம்பி, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, உயிருள்ளது மாதிரியே மூடிக் கிடக்கும். அதில் ஒன்று குழம்புப் பாத்திரத்துக்குள் வாய் திறந்தால் போதும். மும்பை சயானில் நாங்கள் குடியிருந்த காலத்தில் ஊரிலிருந்து மதினி வந்திருந்தாள், தேங்காய் அரைத்து ஊற்றி நுரை கட்டி வருகிறது, வாசனை மாடிப்படி வரை போய்விட்டது, அந்த நேரம் பார்த்து நடுவில் ஒன்று திறந்து குழம்பு முழுக்க சாம்பல் நிறமாகி, சாக்கடை வாடை. மொத்தத்தையும் கீழே ஊற்றிவிட்டு அன்று ரசமும் அப்பளமும். மதினி இன்றைக்கும் போனில் மட்டிக் குழம்பு எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிப்பாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் பிடித்து இரண்டு ஓட்டையும் எதிரெதிராக நகர்த்திப் பார்க்கிறேன். உயிருள்ளது அசையாது. சேற்று மட்டி வழுக்கிக்கொண்டு நகரும், மற்றவற்றைவிடக் கனமாகவும் இருக்கும். அதற்கும் தப்பி ஒன்று வந்தால்? அதற்குத்தான் மட்டியை நேராகக் குழம்பில் போடவே கூடாது. தனியாக அவித்து எடுத்து, பிறகு குழம்புக்கு.

அவிப்பது இப்படி. அகலச் சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், நசுக்கிய பூண்டு நாலு பல். தளதளவென்று கொதித்து ஆவி நன்றாக எழும்பிய பிறகு மட்டியைப் போட்டு மூடுங்கள், இரண்டு கிலோவையும் ஒரே சட்டியில் திணிக்காமல் மூன்று ஈடாக. உப்பு போடவே போடாதீர்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் டக் டக்கென்று வாய் திறக்கும் சத்தம் கேட்கும். மட்டி உயிரோடு இருக்கும்போது இரண்டு தசைகள்தான் ஓட்டை இழுத்து மூடிப் பிடித்திருக்கின்றன, கீல் இருக்கிற பக்கம் ஸ்பிரிங் மாதிரி எப்போதும் திறக்கவே பார்க்கும். சூட்டில் தசை பிடியை விட்டதும் கீல் தள்ளித் திறக்கிறது. மார்க்கெட்டில் வாய் பிளந்து கிடப்பதை வேண்டாம் என்றேனே, அதற்கும் காரணம் இதுதான், பிடித்துக்கொள்ள உயிர் இல்லை.

திறந்ததும் இறக்கிவிடு, ஒரு நொடி கூடக் கூடாது என்று வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் சொல்வார்கள். அவர்கள் ஊரில் தண்ணீரைப் பரிசோதித்து, சுத்தம் செய்து விற்கிற மட்டி. நம் ஊர் மட்டிக்கு, எல்லாம் திறந்த பிறகு இன்னும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் மூடிபோட்டு ஆவியில் வேகட்டும். மஞ்சள் காமாலைக் கிருமி வரை இதில் வரக்கூடும் என்பதால் இந்த விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். இந்த ஐந்து நிமிடத்தால் சதை ரப்பர் ஆகாது. ரப்பர் ஆவது உங்கள் இருபது நிமிடக் கொதியில், அல்லது குக்கரில் விசில் விட்டால். கடைசி வரை வாய் திறக்காததைக் கத்தி வைத்து நெம்ப வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சட்டியில் இப்போது பால் மாதிரி கலங்கலாக ஒரு சாறு சேர்ந்திருக்கும். அதைக் கொட்டினீர்கள் என்றால் நான் இவ்வளவு எழுதியது வீண். பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலாக மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, அடியில் நிற்கும் கடைசி இரண்டு கரண்டியை மட்டும் விட்டுவிடுங்கள். சதையை ஓட்டிலிருந்து எடுத்துப் பார்த்து, வயிற்றுப் பக்கம் கருப்பாகத் திரண்டு நறநறத்தால் விரலால் பிதுக்கிவிடலாம். அலச வேண்டுமென்றால் இந்தச் சாற்றிலேயே அலசுங்கள், குழாயடியில் காட்டினால் ருசி போய்விடும்.

ஞாயிற்றுக்கு என்ன செய்யலாம்? என் கையில் விட்டால் இரண்டு விதம். பாதி மட்டியை ஒரு பக்க ஓட்டை மட்டும் உடைத்தெடுத்து, மறு ஓட்டில் சதை ஒட்டியபடி வைத்துக்கொள்வேன். இங்கே மராட்டிக்காரர்கள் இதற்கு ஏக்ஷிப்பி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், ஒற்றை ஓடு என்று அர்த்தம், அவர்கள் பச்சையிலேயே நம் அரிவாள்மனை மாதிரி ஒன்றில் வைத்துப் பிளப்பார்கள், அதற்குக் கைப்பழக்கம் வேண்டும், நமக்கு அவித்த பிறகு செய்வதே நல்லது. தேங்காய் எண்ணெயில் சின்ன வெங்காயம் இரண்டு கை, கறிவேப்பிலை, இஞ்சி பூண்டு, ஒரு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் போட்டு எண்ணெய் பிரிகிற வரை வதக்கிவிடுங்கள். தேங்காயை லேசாக வறுத்து, கொஞ்சம் சோம்பும் நாலு மிளகும் வைத்துக் கரகரப்பாக அரைத்து அதில் சேர்த்து, மட்டிச் சாறு ஒரு கரண்டி விட்டுப் பச்சை வாடை போகக் கிளறுங்கள். புளிக்குப் பதிலாக இரண்டு கோகம் (இங்கே புளிப்புக்குப் போடுகிற காய்ந்த பழத்தோல்) போட்டுப் பாருங்கள், இந்த ஊரில் வந்து நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அது, மட்டியின் இனிப்பை அமுக்காமல் புளிப்பு தரும். மசாலா முழுக்கத் தயாரான பிறகு, கடைசியில்தான் மட்டி. ஒரு பிரட்டு, இரண்டு நிமிடம், இறக்கு. உப்பை அப்போதுதான் பார்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

மீதிச் சதையைத் தனியாக வைத்து, மீதிச் சாற்றில் ரசம். சாறு ஒரு பங்கென்றால் தண்ணீர் இரண்டு பங்கு, இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, ஒரு தக்காளி கரைத்து, நுரை கட்டியதும் சதையைப் போட்டு ஒரு நிமிடம் சூடேறியதும் இறக்கி மல்லித்தழை. பருப்பும் வேண்டாம், பெருங்காயமும் வேண்டாம்.

பரிமாறும்போது சோற்றோடு சேர்த்து வைக்காதீர்கள், அது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் முதலில் ஆளுக்கு ஒரு கிண்ணம் ரசம். அப்புறம் ஏக்ஷிப்பியை அகலத் தட்டில் குவித்து நடுவில் வைத்து, பக்கத்திலேயே ஓடு போட ஒரு காலிப் பாத்திரம், இதை மறந்துவிட்டால் வாழையிலை ஓரமெல்லாம் ஓடாகிவிடும். கரண்டியெல்லாம் சரிப்படாது, ஓட்டையே கரண்டியாகப் பிடித்து மசாலாவோடு வாயில் உறிஞ்ச வேண்டும், மச்சான் வீட்டார் கூச்சப்பட்டால் நீங்களே சத்தமாக ஆரம்பித்து வையுங்கள். தொட்டுக்கொள்ள ஆப்பமோ இடியாப்பமோ நம்ம வழக்கம். ஆனால் கீழே பேக்கரியில் காலையில் வருகிற லாடி பாவ், அதுதான் ஒட்டி ஒட்டி இருக்கும் மெத்தென்ற பன், இருக்கிறதே, அதைப் பிய்த்துத் தட்டில் வழிகிற மசாலாவில் தேய்த்துச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் ஆப்பத்தைப் பற்றிப் பேசுங்கள். விருந்தாளிகளில் இறால், நண்டு ஒவ்வாதவர் இருக்கிறாரா என்று முன்னாடியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மட்டியும் ஆகாது.

மிஞ்சினால் ஓட்டிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை நன்றாகச் சூடேற்றி முட்டைப் பொடிமாஸில் சேர்த்துவிடுங்கள், குழம்பாகத் திரும்பக் கொதிக்க வைத்தால் பழைய ட்யூப் கதைதான்.

ஒன்றை விட்டுவிட்டேன், ஓடு. இரண்டு கிலோ மட்டியின் ஓட்டை மும்பை வெக்கையில் ஒரு ராத்திரி குப்பைக்கூடையில் வைத்தால் காலையில் சொசைட்டி செயலாளர் உங்கள் வாசலில் நிற்பார். அலசி, பேப்பரில் சுற்றி, பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டு, குப்பைக்காரர் மணி அடிக்கும்போது நேராக அவர் கையில் கொடுங்கள். பால்கனியில் செடி இருந்தால் நாலைந்தை நன்றாகக் கொதிக்க வைத்துக் காயவிட்டுத் தொட்டியின் அடித்துளைக்கு மேல் போடலாம், என் கறிவேப்பிலைத் தொட்டியில் பத்து வருடமாகக் கிடக்கிறது.